உடைந்தால் என்ன ஆகும்?

நாற்பது வருடங்கள் பத்திரிகையில் எழுதிக் காலம் தள்ளியவனுக்கு வாகனங்களைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு நேர் மேலேயுள்ள இருக்கையில் உட்காரக் கூடாது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட என்னிடம், அக்காவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையெல்லாம் கிரீஸுடன் வந்து நின்றான்.

“மாமா, பின்னுக்கு என்ன சஸ்பென்ஷன் போடுறதுன்னு முடிவு பண்ண முடியல. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றான்.

என் மருமகன் கினிகத்தேனையில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். ஓய்வு நேரத்தில் தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டிருந்தான். இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு கூடு, அதற்குள் பழைய கார் ஒன்றின் இயந்திரம், நான்கு சக்கரங்கள். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. மேடு பள்ளங்களில் ஓடுவதற்கான இவ்வகை வண்டியைப் ‘பகி’ என்கிறார்கள். அறுபதுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த மோகம் இது. புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் உறுப்புகளை வைத்து ‘மேயர்ஸ் மாங்ஸ்’ என்ற வண்டியைச் செய்தார். அதன் பிறகு உலகமெங்கும் இளைஞர்கள் தம் வீட்டு முற்றத்தில் இதைச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் 2007ஆம் ஆண்டு முதல் இந்தூருக்கு அருகிலுள்ள பீதம்பூரில் பொறியியல் மாணவர்களுக்கென்று ‘பாஹா’ போட்டி தொடங்கியது. மாணவர்கள் தாமே வடிவமைத்துச் செய்த பகிகளைச் சேற்றிலும் பாறையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். மருமகன் அந்தக் காணொளிகளை எல்லாம் பார்த்துக் கெட்டுப்போயிருந்தான்.

நம் ஊரில் அவனுக்கு வேறொரு காரணமும் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய மாருதி 800கூட வீடு கட்டும் விலைக்குப் போனது. தோட்டத்துப் பையன் ஒருவன் கார் வாங்க வேண்டுமானால் அதைத் தானேதான் செய்துகொள்ள வேண்டும் என்ற நிலை. விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய மாருதி 800 ஒன்று அவனுக்குக் கிடைத்தது. முன்பக்கம் முழுதாக இருந்தது. இயந்திரமும் கியர் பெட்டியும் முன் சக்கரங்களும் சேர்ந்த அந்தப் பாதியை அப்படியே தூக்கி, புது வண்டியின் பின்னால் வைத்துவிடுவது அவன் திட்டம்.

கினிகத்தேனையை அறியாதவர்களுக்குச் சிறு குறிப்பு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியில், கித்துல்கலையைத் தாண்டி மலையேறினால் வரும் ஊர். சிங்களப் பெயரைப் பிரித்தால் ‘தீப்பிடித்த சேனை’ என்று பொருள். தீப்பிடித்தது எப்போதோ தெரியாது. இப்போது பிடிப்பதெல்லாம் மழைதான். அடுத்துள்ள வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். வீதியை விட்டு இறங்கி லயங்களை நோக்கிச் செல்லும் பாதை எப்படியிருக்கும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் டிவிசனுக்கும் பிரதான வீதிக்கும் இடையில் மூன்று கிலோமீற்றர். கொழுந்து லொறி போய்ப் போய் இரண்டு ஆழமான தடங்கள் விழுந்த பாதை அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலையகமெங்கும் பாதைகள் அறுந்தபோது எங்கள் பாதையிலும் ஒரு வளைவில் பாதி சரிந்து போனது. லொறி வருவது நின்றது. ஓட்டோக்காரர்கள் பாலத்தடியிலேயே திரும்பிவிடுவார்கள். வயதானவர்கள் கிளினிக்குக்குப் போவதென்றால் நடைதான்.

இதையெல்லாம் மருமகன் யோசித்துத்தான் வண்டி செய்தான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அவனுக்கு அது விளையாட்டு. நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை ஏப்ரல் வசந்த காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவன். துள்ளிக் குதித்து ஓட வேண்டும், அவ்வளவுதான்.

நான் படிக்க உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எல்லாத் தரப்பையும் விசாரிப்பது.

முதலில் சஸ்பென்ஷன் என்றால் என்ன என்பதையே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சொல்லப்போனால் அது எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். எழுபதுகளில் என் அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அவரை டிராக்டர் பெட்டியில் படுக்க வைத்து வீதிக்குக் கொண்டுவந்தோம். கீழே கம்பளியும் சாக்கும் விரித்திருந்தோம். டிராக்டர் பெட்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சு நேரே பெட்டியோடு பூட்டப்பட்டிருக்கும். பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் அப்பாவின் இடுப்பில் ஏறி இறங்கியது. அவர் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அடுத்த நாள் பார்த்தபோது அந்த இடம் கன்றியிருந்தது. கல்லுக்கும் அப்பாவுக்கும் இடையில் அன்றைக்கு இல்லாத அந்தப் பொருளுக்குப் பெயர்தான் சஸ்பென்ஷன்.

அதற்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். டயர் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கச் செய்ய வேண்டும். மேலும் கீழும் ஆடும்போது சக்கரம் தன் திசையை மாற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உந்து சக்தி செல்லும் பின் சக்கரத்துக்கு இந்த இரண்டும் உயிர்நாடி. ஆகவேதான் பகி செய்பவர்கள் முன்பக்கத்தை ஒரு மாலையில் முடித்துவிட்டு, பின்பக்கத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் சாட்சி, மருமகன் வேலை செய்யும் கராஜின் உரிமையாளர். எல்லோரும் அவரைப் பாஸ் என்றே அழைப்பார்கள். சிங்களவர், தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவார். அவருடைய கட்சி லீஃப் ஸ்பிரிங். “மாத்தயா, இந்த மாருதி பாதிய வித்துட்டு ஒரு ஒம்னி வேன் எடுக்கச் சொல்லுங்க” என்றார். மாருதி ஒம்னியிலும் அதே 796 சிசி இயந்திர வகைதான். ஆனால் இழுவை பின் சக்கரத்துக்குச் செல்லும். இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, அதைத் தாங்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில் தகடுகள். மாட்டு வண்டிக் காலத்துத் தத்துவம். துரைமாரின் பழைய லேண்ட் ரோவர்களும் அதில்தான் மலையேறின. “ஒரு தகடு உடைஞ்சா மத்தது தாங்கும். நோர்ட்டன் பிரிட்ஜிலேருந்து கட்டையும் கயிறும் வெச்சுக் கட்டிக்கிட்டு வீடு வந்திருக்கேன்” என்றார் பாஸ். அதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை.

குறையும் உண்டு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு முழுதும் சாயும். மறு சக்கரத்தின் பிடியும் தளரும். ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால் சாதாரண டிஃபரென்ஷியல் சக்தி முழுவதையும் அந்த வழுக்கும் சக்கரத்துக்கே அனுப்பிவிடும். ஆளில்லாத நேரத்தில் பின்பக்கம் பாரமற்றிருக்கும் வண்டி, ஈரக் களிமண் ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இரண்டாவது சாட்சி நம் ஓட்டோ. பஜாஜ் ஓட்டோவின் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு கையில் தொங்குகிறது. முன்னால் கீல் வைத்த கதவைப் படுக்கப் போட்டதுபோல அந்தக் கை மேலும் கீழும் ஆடும். டிரெய்லிங் ஆர்ம் என்பார்கள். எளிமையானது, உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். ஆனால் அந்தக் கை ஓட்டோவின் எடைக்கும் வேகத்துக்கும் அளந்து செய்தது. அதன் 8 அங்குலச் சக்கரம் லொறித் தடத்தில் விழுந்தால் எழுந்து வராது. மாருதி இயந்திரத்தை அதன் தலையில் ஏற்றுவது கழுதை முதுகில் யானையை ஏற்றுவதுதான்.

மூன்றாவது, மாங்ஸின் தாயான பீட்டில். அதன் பழைய வடிவத்தில் இரு அரை அச்சுகள் நடுவிலிருந்து பறவையின் சிறகுபோல ஆடும். ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். செய்வதற்கு எளிது என்பதால் வீட்டுப் பகிகளில் இன்றும் சிலர் இதைக் கையாள்கிறார்கள். இதன் கதையைப் படித்தபோதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. வேகமாக வளையும்போது பின்பக்கம் மேலெழுந்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடிந்து வண்டிக்குக் கீழே புகுந்துகொள்ளும். வண்டி கவிழலாம். அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேர் கார் இந்த அமைப்புடன் 1960ஆம் ஆண்டு மாடலாக வந்தது. ரால்ஃப் நாடர் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே அதைப் பற்றியதுதான். அதே காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமானதல்ல என்று 1972இல் அந்நாட்டு அரசு ஆய்வொன்று கூறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 1965 மாடலிலேயே கோர்வேரின் பின் சஸ்பென்ஷன் மாற்றப்பட்டுவிட்டது. பீட்டிலும் 1969 மாடலிலிருந்து அமெரிக்காவில் வேறு அமைப்புக்கு மாறியது.

நான்காவது, பாஹா மாணவர்கள் பலரும் விரும்பும் இரட்டை விஷ்போன். மேலொன்று கீழொன்றாக இரண்டு முக்கோணக் கைகள். சக்கரத்தின் அசைவை நாம் நினைத்தபடி வரைந்துகொள்ளலாம். மருமகனின் மனம் அதில்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கீல் புள்ளியையும் மில்லிமீற்றர் கணக்கில் சரியாக ஒட்ட வேண்டும். கல்லூரிகளில் கணினியும் ஆய்வுகூடமும் இருக்கின்றன. எங்கள் கராஜில் இருப்பது ஒரு வெல்டிங் இயந்திரம், ஒரு மட்டப்பலகை, மின்வெட்டு.

கடைசியாக, மாருதிப் பாதியோடு இனாமாக வந்தது. மெக்பர்சன் ஸ்ட்ரட் எனப்படும் இது, அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மெக்பர்சனின் பெயரைத் தாங்கியது. இங்கிலாந்தில் 1950இல் அறிமுகமான ஃபோர்ட் கொன்சல் கார் இதைப் பரவலாக்கியது. ஷொக் அப்சோபரையும் அதைச் சுற்றிய சுருள்வில்லையும் ஒரே தூணாக நிறுத்தி, கீழே ஒரே ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கூடுதல் உறுப்பு எதுவும் இல்லை. இயந்திரமும் பின்னால் வந்துவிடுவதால் எடையில் பெரும்பங்கு இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருக்கும். ஏற்றத்தில் டயர் மண்ணைக் கவ்வும். நான்கு சக்கர இழுவை இல்லாமலே பீட்டில் பகிகள் மணல்மேடுகளில் ஏறியதன் இரகசியம் இதுதான்.

இவ்வளவையும் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் தமிழில் எழுதி, அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்து வாசித்துக் காட்டினேன். பாஸும் வந்திருந்தார். மருமகன் கடைசியில் கேட்டான்: “அப்ப எது மாமா பெஸ்ட்?”

நான் வாயைத் திறக்குமுன் பாஸ் சொன்னார்: “எது பெஸ்ட்டுன்னு கேக்காத தம்பி. ஒவ்வொண்ணும் உடைஞ்சா என்ன ஆகும்னு கேளு.”

தேநீர் கொண்டுவந்த அக்கா, அதுவரை எங்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதாகவே காட்டவில்லை. “உடையறது கெடக்கட்டும். மழையில நான் அதுல உக்காந்து கிளினிக்குக்குப் போகலாமா, அதச் சொல்லு” என்றாள். அக்காவுக்கு நீரிழிவு. மாதத்துக்கு ஒருமுறை மூன்று கிலோமீற்றர் நடக்கிறாள். மருமகன் பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அவன் துள்ளுவதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

பாஸின் கேள்வியை வைத்துப் பட்டியலை மறுபடி பார்த்தோம். லீஃப் ஸ்பிரிங் உடைந்தால் வண்டி சாயும், ஆனால் வீடு வரும். ஓட்டோக் கை கெட்டால் முன்கூட்டியே சக்கரம் ஆட்டம் காட்டும். ஸ்விங் ஆக்ஸில் உடையவே வேண்டாம். முழுதாக இருக்கும்போதே கவிழ்க்கக்கூடும். அதை முதலில் அடித்துவிட்டோம். வீட்டில் ஒட்டிய இரட்டை விஷ்போனில் ஓர் ஒட்டு விட்டால் சக்கரமே மடியும். நம் ஒட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. மாருதி ஸ்ட்ரட்டில் முக்கியமான உறுப்புகள் எல்லாம் தொழிற்சாலையில் வார்த்தவை. நாம் ஒட்ட வேண்டியவை அவை வந்து பூட்டும் இடங்கள் மட்டும்.

மிஞ்சியது லீஃபும் ஸ்ட்ரட்டும். பாரம் ஏற்றுவதற்கென்றால் லீஃப். இந்தப் பாதையில், இந்த மழையில், ஆட்களோடு ஏறுவதற்கென்றால் பின்னெஞ்சினும் ஸ்ட்ரட்டும். பாஸ் இறங்கிவந்தார், மூன்று நிபந்தனைகளோடு.

முதலாவது, சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டுகளிலுள்ள இறப்பர் உறை. தேயிலை வேரில் அது கிழிந்தால் சேறு புகுந்து மூட்டு போய்விடும். எனவே கீழே ஒரு தகடு. இரண்டாவது, சக்கரம் அந்தரத்தில் அதிகம் தொங்கினால் அதே மூட்டு அளவுக்கு மீறி வளைந்து உடையும். எனவே லொறியில் பாரம் கட்டும் பட்டியால் இரு பக்கமும் ஒரு கட்டு. ஸ்பிரிங் எவ்வளவு நீண்டாலும் சக்கரம் அந்த எல்லைக்குக் கீழே இறங்காது. மூன்றாவது, முன்னால் குறுக்கே ஓடும் ஆன்டி-ரோல் பார் என்ற வளைந்த கம்பியை வெட்டி எறியக் கூடாது. மாருதி 800இல் கீழ்க்கையை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதே அந்தக் கம்பிதான். பகிக்கு அது எதற்கு என்று மருமகன் ஏற்கனவே அதைக் கழற்றி மூலையில் வைத்திருந்தான்!

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. அதை நாங்கள் மூவருமே முதலில் காணவில்லை. பின்னால் போகும் இந்தச் சக்கரங்கள் முன்பு காரைத் திருப்பிய சக்கரங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து வந்த இரண்டு சிறு தண்டுகள் அவற்றைப் பிடித்திருந்தன. இப்போது ஸ்டீயரிங் இல்லை. தண்டுகளின் உள்முனையைச் சட்டத்தில் எங்காவது நிலையாகப் பூட்டிவிட வேண்டும். மருமகன் கைக்கு எட்டிய ஒரு குழாயில் ஒட்டிப் பூட்டிவிட்டான். சக்கரம் அசையாமல் நேராக நின்றது. வேலை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

நான் படித்த ஒரு குறிப்பில், சுருள்வில்லைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை அடியிலிருந்து உச்சிவரை ஜாக்கியால் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சொன்னேன். சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு நேரான அலுமினியக் கம்பியைக் கட்டினோம். வண்டியின் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினோம். ஜாக்கி ஏற ஏற, கம்பியின் முன்முனை நூலை விட்டு வெளியே விலகிக்கொண்டு போனது. உச்சியில் ஒரு விரல் அகலம்.

மருமகனுக்கு உடனே விளங்கியது. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம்தான் உள்ளே அழுந்தும். அழுந்திய சக்கரம் வெளிநோக்கித் திரும்பினால், பின்பக்கம் தானாகவே வெளிப்புறம் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் பாதையில் பாதி வளைவுகளின் வெளிப்புறத்தில் இருப்பது பள்ளத்தாக்கு. ஓட்டுபவன் ஸ்டீயரிங்கைச் சரியாகத்தான் பிடித்திருப்பான். பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவன் திருப்பிக்கொண்டிருப்பான்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கும் எங்கள் வண்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளில் வந்த உணர்வு, அந்த நூலுக்கும் கம்பிக்கும் இடையிலிருந்த விரலகல இடைவெளியைப் பார்த்தபோது எனக்கு மறுபடி வந்தது. செய்தியாகிப்போன விபத்துகளைத்தான் நாற்பது வருடம் எழுதியிருக்கிறேன். செய்தியாவதற்கு முன்பே ஒரு விபத்தை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திருத்தம் சொல்லுவதற்கு எளிது. கீழ்க்கை எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் ஆடுகிறதோ, ஏறத்தாழ அதே நீளத்தில், அதே கோணத்தில் இந்தத் தண்டும் ஆட வேண்டும். இரண்டும் ஒரே வட்டத்தில் நகர்ந்தால் சக்கரம் திரும்பாது. செய்வதற்கு மூன்று ஞாயிறுகள் பிடித்தன. ஒட்டியதை வெட்டி, மறுபடி ஒட்டி, மறுபடி நூல் பிடித்து. நான்காவது தடவை கம்பி நூலின் தடிப்பளவுக்கே விலகியது. பாஸ் ஒன்றும் பேசாமல் ஒரு பீடி பற்றவைத்தார். அதுதான் அவருடைய சான்றிதழ்.

பின்னெஞ்சின் வண்டி செங்குத்தான ஏற்றத்தில் மூக்கைத் தூக்கும் என்பதால் பற்றரியும் உபரிச் சக்கரமும் முன்னால் போயின. நால்வருக்கும் பட்டி. தலைக்கு மேல் குறுக்குக் குழாய். பதிவில்லாத வண்டியைப் பொது வீதியில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே தோட்டத்துக்குள் மட்டும், அதுவும் நிர்வாகத்திடம் கேட்டு. வீதி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இதைப் படிக்கும் இளைஞர்கள் யாராவது முயன்றால், இந்தக் கடைசி விஷயத்தையும் நூல் சோதனையையும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிளினிக் நாளன்று காலையில் நல்ல மழை. அக்கா தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு, மடியில் துணிப்பையுடன் முன்னிருக்கையில் ஏறினாள். நான் பின்னால். பழக்கதோஷத்தில் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காராமலிருக்கப் பார்த்தேன். அந்த வண்டியில் வேறு இடமே இல்லை. மருமகன் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான் ஓட்டினான். சரிந்த வளைவுக்கு வந்ததும் நான் அறியாமலே குழாயை இறுகப் பிடித்தேன். பின் சக்கரம் தடத்தில் இறங்கி, கல்லில் ஏறி, மறுபடி இறங்கியது. எங்கள் மூவருக்கும் அது வெறும் அசைவாகவே வந்து சேர்ந்தது.

வீதியில் இறங்கியதும், “எப்படி இருந்துச்சு?” என்று மருமகன் கேட்டான்.

“பஸ்ஸவிடப் பரவாயில்ல. ஒரு கூரை போடு” என்றாள் அக்கா.

கூரைக்குத் தகரம் வாங்கியாயிற்று. இடது பின்பக்கத்தில் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ‘டக்’கென்று ஒரு சத்தம் வருகிறது. மேலே ஸ்ட்ரட் பூட்டியிருக்கும் இறப்பர் என்கிறார் பாஸ். கீழ்க்கையின் புஷ் என்கிறான் மருமகன். இந்த ஞாயிறு கழற்றிப் பார்க்கிறார்கள். நூல் பிடிக்க என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.